ஆத்தா அரைத்த சுண்ணாம்பு

நல்ல வீடு ஒன்றை விழப்போகிற வீடு மாதிரி ஆக்குவது எப்படி என்று எனக்குத் தெரியும். கொத்தனார் பூசுகிற கரணையின் முனையால் சுவரில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் சிறுபிள்ளைகூட நம்பாது. கை நடுங்குகிறவன் இழுத்த மாதிரி அங்கங்கே ஒடிந்து ஒடிந்து இறங்க வேண்டும். அதில் அடுப்புக்கரியையும் களிமண்ணையும் குழைத்துத் தேய்த்தால் பத்து வருடத்து விரிசல் தயார். உத்திரத்துக்கு அடியில் ஒரு சவுக்குக் கம்பை நிறுத்தி முட்டுக் கொடுத்துவிட்டால் போதும், உள்ளே வருகிறவன் குனிந்துகொண்டுதான் வருவான். இதைச் செய்யச் சொன்னவர் எங்கள் வார்டு மெம்பர். செய்தது என் அய்யா. அனுபவித்தது என் ஆத்தா.

போன மாதம் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. நெருங்கிய சொந்தம்தான். மண்டபத்தின் பெயரைப் பார்த்ததும் பத்திரிகையை மடித்து அலமாரிக்குள் தள்ளிவிட்டேன். பந்தி போடுகிற இடத்தில்தான் எங்கள் அடுப்படி இருந்தது. அங்கே உட்கார்ந்து பாயசம் குடிக்க என்னால் ஆகாது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, இன்னுமா என்று என் மகள் கேட்கிறாள். ஆமாம், இன்னும்தான். யார் என்ன செய்யப் போகிறீர்கள்?

ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்து போர்டு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சங்கடமாம். எங்களைச் சட்டி பானையோடு தெருவில் நிறுத்தியபோது அந்தச் சங்கடத்தை எங்கே அடகு வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் நாங்கள் கூப்பிடுவோம். அய்யா கொத்தனார். ஆத்தா சித்தாள். செட்டிமார் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு வேலை கிடந்த காலம் போய், பழுது பார்க்கிற வேலையும் காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிற வேலையும்தான் மிச்சம் இருந்தது. நாங்களும் எங்களைப் போன்ற கொத்தனார், தச்சர் குடும்பங்களும் கண்மாய்க்கரையில் கீற்றுக் குடிசை போட்டு இருந்தோம். ஊரில் பாதி மாடி வீடுகள் அந்தக் குடிசைக்காரர்கள் கட்டியவை. அதைப் பற்றி அப்போது யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு பங்குனியில் தீப்பிடித்து எல்லாக் குடிசையும் போயிற்று. என் பாவாடையும் பாடப்புத்தகமும் போயின. ஆத்தாவின் கல்யாணச் சேலை போயிற்று.

அதற்கப்புறம்தான் போர்டு எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. சர்க்கார் பணம், போர்டுக்குச் சொந்தமான பொது இடம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் கருவேலங்காடாகக் கிடந்த மேடு அது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, நாட்டு ஓட்டு வீடுகள். அதைக் கட்டியது யார் என்கிறீர்கள்? நாங்களேதான். காண்ட்ராக்டர் வந்து, "ஒங்க வீட்டை நீங்க கட்டுறீக, இதுக்குப் போயி முழுச் சம்பளம் கேப்பீகளா?" என்று கேட்டார். நம் ஆட்களுக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. சரி என்று தலையாட்டிவிட்டு அரைச் சம்பளத்துக்குக் கட்டினார்கள்.

காண்ட்ராக்டர் இறக்கிய சுண்ணாம்பில் பாதிக்குமேல் மண். ஆத்தா அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அவர் காலடியிலேயே கொட்டினாள். ஆத்தா குள்ளம். குரல் மட்டும் தெருக்கோடி வரை போகும்.

"இது சுண்ணாம்பா? கோலப்பொடிக்குக்கூட ஆகாதே! இதை வச்சுக் கட்டுனா மழைக்கு முந்தி நாங்க கரைஞ்சு போவோம்" என்றாள்.

"ஊருக்கெல்லாம் இதுதான். ஒனக்கு வேணும்னா நீ தனியா அரைச்சுக்க" என்றார் அவர்.

ஆத்தா அரைத்தாள். பகலில் மற்ற வீடுகளுக்குக் கலவை சுமந்துவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு மட்டும் தனியாகச் சுண்ணாம்பை நீற்றி, சலித்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டிப் பாகும் விட்டு அரைத்தாள். செட்டிமார் வீட்டுச் சுவருக்குச் செய்கிற பக்குவம் அது. அதை அவள் எத்தனையோ வீடுகளுக்குச் சுமந்திருக்கிறாள். ஒரு தடவையாவது தனக்குச் செய்துகொள்ள ஆசை. மற்ற பெண்கள் சிரித்தார்கள், "போர்டு வீட்டுக்குக் கருப்பட்டியாம்ல!" என்று. அப்புறம் அவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுக்கு அரைக்க ஆரம்பித்தார்கள். கருப்பட்டி வாங்கியதில் அந்த வருடம் எங்கள் வீட்டில் காப்பி கிடையாது.

பின்சுவர் முழுக்க முழுக்க ஆத்தா அரைத்த கலவையில் எழும்பியது. அய்யா அதைக் கட்டி முடித்துக் கரணையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஆத்தா கேட்டாள், "எப்படி இருக்கு என் செவுரு?"

அய்யா சுவரை நிமிர்ந்து பார்த்தார். "நிக்குது" என்றார்.

அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வரும். எங்கள் அய்யாவுக்கு ஒருத்தரைப் பாராட்டினால் பல் வலிக்கும். அதன்பிறகு வருடா வருடம் மழை முடிந்ததும் ஆத்தா அதே கேள்வியைக் கேட்பாள். அய்யா அதே பதிலைச் சொல்வார். எங்களுக்கு அது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

வீடு திறப்பு விழாவுக்கு மேடை போட்டு, வாழை கட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். போர்டு பிரசிடெண்டு பேசினார். வாடகையைத் தவறாமல் கட்டி வந்தால் பதினைந்து வருடத்தில் வீடும் இடமும் குடியிருக்கிறவர்களுக்கே பட்டா என்றார். கூட்டம் கை தட்டியது. ஆத்தா என் தோளைப் பிடித்து அழுத்தியது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. எரியாத வீடு, யாரும் கிளப்பிவிட முடியாத வீடு. அவளுக்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொன் கேட்டாளா, பொருள் கேட்டாளா? ஒரு தடவைகூட வாடகை பிந்தியது கிடையாது. வேலை இல்லாத ஆடி மாதத்தில் எங்களுக்குக் கஞ்சி தண்ணீராகும், போர்டு வாடகை மட்டும் போய்விடும்.

பட்டாவுக்கு இன்னும் மூன்று நாலு வருடம் இருக்கும்போதுதான் மெம்பர் வந்தார்.

எழுபதுகளின் பாதி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் காரைக்குடிக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அதற்குள் ஊர் வளர்ந்து எங்கள் மேட்டை வந்து முட்டியிருந்தது. கருவேலங்காடு என்று ஒருவரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு முன்னால் தார் ரோடு வந்தது, சைக்கிள் கடை வந்தது, பேங்கு வந்தது. நாங்கள் வசதி என்று சந்தோஷப்பட்டோம். அந்த இடத்தை இன்னொருத்தன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று எங்கள் மண்டைக்கு எட்டவில்லை.

வீடுகளில் குறை என்றால் ஓடுதான். குரங்கும் காற்றும் ஓட்டைத் தள்ளிவிட்டு, ஐப்பசி மழைக்கு எல்லா வீட்டிலும் ஒழுகும். ஓடு மாற்றித் தாருங்கள் என்று போர்டில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தோம். நாங்களே மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. போர்டு கட்டடத்தில் அனுமதி இல்லாமல் கை வைத்தால் காலி செய்யச் சொல்லுவோம் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஓடு மாற்றுகிற கொத்தனார் வீட்டில் பாத்திரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தோம்.

மெம்பர் எங்கள் வார்டில் ஜெயித்தவர். நிலபுலன் உள்ள குடும்பம், வெள்ளை வேட்டி, கையில் ஒரு தோல் பை. ஓட்டுக் கேட்டு வரும்போது ஆத்தாவை அக்கா என்பார். ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து "இந்தாம்மா" என்பார். அன்றைக்கு வந்தபோது "அக்கா" என்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாழாய்ப்போன மோரை.

"ஒங்க கூரைப் பிரச்சினைக்கு ஒரு வழி பண்ணிட்டேன்க்கா. மேலருந்து எஞ்சினியர் ஒருத்தரு வர்றாரு. அவரு பாத்து எழுதிக் குடுத்தா ரிப்பேருக்குப் பணம் வந்துரும். ஓடு என்ன, தரை போட்டு, மராமத்து முழுசாப் பண்ணிக் குடுத்துருவாக" என்றார்.

"மகராசனா இருங்க தம்பி" என்றாள் ஆத்தா.

"ஆனா ஒண்ணு." மெம்பர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "இம்புட்டு நல்லா வச்சிருந்தீகன்னா ஒத்தப் பைசா வராது. நல்லாத்தானே இருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு. கொஞ்சம் மோசமாத் தெரியணும். நான் சொல்லவா வேணும்? நீங்கள்லாம் கட்டடத் தொழில் பாக்குறவுக."

அய்யா தலையாட்டினார். வரிசை முழுக்கத் தலையாட்டியது. ஆத்தா மட்டும் ஆட்டவில்லை.

"இருக்குற வீட்டை நாமளே நொட்டை சொல்றதா? நல்லா இல்லீக, சொல்லிட்டேன்" என்று அய்யாவிடம் சண்டைக்கு நின்றாள். சாமி வீடு கொடுத்திருக்கிறது, அதற்கு முட்டுக் கொடுத்து நொண்டி ஆக்குவதா என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் கூத்துத்தான் புள்ள. அந்த ஆளு போனதும் எல்லாத்தையும் எடுத்துரலாம்" என்றார் அய்யா.

நடந்த கூத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். வாழ்நாள் முழுக்கச் சுவரை நேராக எழுப்பிப் பழகிய கைகளுக்கு, கோணலாக ஒரு வேலை செய்யச் சொன்னதும் அப்படி ஒரு உற்சாகம்! யார் வீட்டு விரிசல் நிஜம் மாதிரி இருக்கிறது என்று போட்டி. ஒருத்தர் சாணித் தண்ணீரையும் புளித் தண்ணீரையும் கலந்து அடித்து ஈரம் ஊறிய கறை கொண்டுவந்தார். இன்னொருத்தர் பூச்சைத் தட்டு அளவுக்குப் பெயர்த்துச் செங்கல்லைக் காட்டினார். எதிர்வீட்டுத் தச்சர் மனைவி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். கோயில் மதிலில் முளைத்திருந்த அரசங்கன்று ஒன்றை வேரோடு பிடுங்கிவந்து தன் சுவர் விரிசலுக்குள் களிமண் வைத்துச் செருகிவிட்டாள். "என் வீட்டுல மரமே மொளைச்சிருச்சு ஆத்தா, நான் எங்கிட்டுப் போவேன்!" என்று அவள் ஒப்பாரி வைத்துக் காட்டியதில் எங்களுக்கு வயிறு வலித்துப்போயிற்று.

அய்யா எங்கள் வீட்டுக்கு மூன்று முட்டுக் கொடுத்தார். முன்சுவரில் அவர் இழுத்த விரிசலைப் பார்த்து நானே பயந்தேன். பின்சுவரில் கை வைக்கப் போனபோது ஆத்தா குறுக்கே வந்து நின்றாள்.

"இதைத் தொட்டீகன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள்.

அய்யா தொடவில்லை. அந்தச் சுவரின்மேல் ஒரு கிழிந்த சாக்கைத் தொங்கவிட்டு மறைத்தார்.

எஞ்சினியர் ஜீப்பில் வந்தார். மெம்பரும் பிரசிடெண்டும் கூடவே வந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவரும் கதவுக்கு முன்னால் நின்று, ராத்திரி படுக்கவே பயமாயிருக்குதய்யா, எப்ப மேல விழுகுமோ தெரியல என்று சொல்லிக் கொடுத்தபடி சொன்னோம். அரசங்கன்றைப் பார்த்து எஞ்சினியர் நாக்கால் உச்சுக்கொட்டினார். எங்கள் வீட்டுக்குள் வந்து முட்டுக் கம்பைக் காலால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். கம்பு சும்மா நின்றது. உத்திரம் அதன்மேல் உட்காரவே இல்லை. தொழில் தெரிந்தவனுக்கு அது ஒரு தள்ளில் விளங்கிவிடும். அவர் மெம்பரைப் பார்த்தார். மெம்பர் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் லேசாகச் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். நம்ம மேல் இரக்கப்பட்டுக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்று நினைத்து, அவர்களுக்குக் கும்பிடு வேறு போட்டேன். அந்தக் கும்பிட்டை இப்போது திருப்பி வாங்க முடியுமா?

ஜீப் திரும்பியதும் வரிசையில் எல்லாருக்கும் சந்தோஷம். தச்சர் வீட்டில் சுசியம் சுட்டுக் கொடுத்தார்கள்.

ரிப்பேர் வரும் வரும் என்று காத்திருந்தோம். முட்டுக் கம்பை எடுத்துவிடலாமா என்று அய்யா கேட்டதற்கு, "பணம் வர்ற வரைக்கும் இருக்கட்டும், யாராச்சும் திரும்பி வந்து பாத்தா?" என்று மெம்பர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் முட்டுக் கம்பில் மோதிக்கொண்டே நடமாடினோம். ஆத்தா அதில் உரியைத் தொங்கவிட்டாள்.

ஐப்பசி கழிந்தது. ஒருநாள் காலையில் தமுக்கு அடித்துக்கொண்டு போர்டு ஆள் வந்தான். போர்டு லைன் வீடுகள் எல்லாம் குடியிருக்க லாயக்கில்லாமல் இடியும் நிலையில் இருப்பதாக எஞ்சினியர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். உயிர்ச்சேதம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போர்டு தீர்மானம் போட்டு, எல்லாரையும் காலி செய்யச் சொல்கிறதாம். இடத்தைத் தனியாருக்கு விற்கப் போகிறார்களாம். தமுக்கு அடித்தவன் எங்கள் ஆள்தான். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

நல்ல எண்ணமாம்! எங்கள் உயிர்மேல் அவ்வளவு கரிசனம்! விற்கப்போகிற இடத்தை வாங்க மதுரைப் பார்ட்டி ஒன்று ஏற்கனவே வந்து அளந்துவிட்டுப் போயிருந்தது. அந்தப் பார்ட்டிக்கு உள்ளூர்க் கூட்டாளி மெம்பரின் மச்சினன். முன்பக்கம் கல்யாண மண்டபம், பின்பக்கம் மனை போட்டு விற்பனை. அந்த ஊரில் டீக்கடைக்காரர் முதல் சலூன்காரர் வரை எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தவர்கள் சுவரில் விரிசல் வரைந்துகொண்டிருந்த நாங்கள் மட்டும்தான்.

மெம்பர் வீட்டுக்கு வரிசையே கிளம்பிப் போயிற்று. அவர் வாசலில் ஈசிச்சேரில் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதானே தம்பி வீட்டை மோசமாக் காட்டச் சொன்னீக?" என்று ஆத்தா கேட்டாள்.

"நானா? நான் எங்கம்மா சொன்னேன்? எஞ்சினியரு கண்ணால பாத்து எழுதிருக்காரு. விழுகப்போற வீட்டுல ஒங்கள விட்டுவைக்க முடியுமா?"

"அது நாங்க வரைஞ்ச விரிசல்ய்யா. வீட்டுக்கு ஒண்ணும் இல்ல. வந்து பாருங்க" என்றார் அய்யா. அவர் குரல் கெஞ்சியது. எனக்கு அது பொறுக்கவில்லை.

மெம்பர் நிதானமாக வெற்றிலையை மடித்தார். "அப்படியா? அப்ப சர்க்காரை ஏமாத்திப் பணம் வாங்கப் பாத்தோம்னு வெளிய சொல்லுங்க. போலீஸ்ல கேஸ் ஆகும், வரிசைக்கு வரிசை உள்ள போவீக. சொல்றீகளா? சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

அவ்வளவு அழகாக மாட்டிவைத்திருந்தார் பாவி. வீடு நல்ல வீடு என்றால் நாங்கள் திருடர்கள். வீடு மோசம் என்றால் நாங்கள் தெருவில். அந்த வாசலில் நின்று நான் கத்தினேன், "ஒங்க வீட்டுச் செவுத்துலயும் ஒருநா விரிசல் விழுகும்" என்று. அய்யா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் சாபம் கொடுத்தேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கொடுத்தேன்தான். இல்லை என்று சொல்லவில்லை.

திரும்பி வந்து எல்லா வீட்டிலும் முட்டுக் கம்பைப் பிடுங்கினார்கள். வரைந்த விரிசலைச் சுரண்டி, பூசி, வெள்ளையடித்தார்கள். இரண்டு வரிசையும் பொங்கலுக்கு நிற்கிற மாதிரிப் பளிச்சென்று ஆயிற்று. திரும்ப ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி போர்டுக்கு நடையாக நடந்தோம். கடைசியில் அதே எஞ்சினியர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவில்லை. உள்ளிருந்தபடியே பார்த்துவிட்டு, "விரிசலைப் பூசி மறைச்சிட்டீங்களா? இது இன்னும் ஆபத்து" என்றார். ஜீப் போய்விட்டது. கேட்டீர்களா நியாயத்தை? பொய் விரிசலை நிஜம் என்று எழுதிய கை, நிஜச் சுவரைப் பொய் என்று எழுதியது.

தச்சர் வீட்டு அரசங்கன்றைப் பிடுங்கியபோது அது நிஜமாகவே இரண்டு இலை புதிதாக விட்டிருந்தது. தச்சர் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு வைத்த ஒப்பாரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. எங்கள் பக்கம் மார்கழியில் யாரும் குடி மாறமாட்டார்கள், குடி கிளப்பவும் மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் தை வரட்டும் என்பார்கள். மெம்பரும் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: "மார்கழில யாரு இடிக்கப் போறாக? தை வரட்டும், பேசிக்கலாம்." நாங்கள் இரண்டாவது தடவையும் நம்பினோம். மாதத்தின்மேல் இருந்த நம்பிக்கை அது, மனுஷன்மேல் இல்லை. தைக்குள் கலெக்டரிடம் போகலாம், ஓட்டுக் கேட்டவர்களையெல்லாம் பார்க்கலாம் என்று ஆண்கள் திட்டம் போட்டார்கள். ஆத்தா வாசலில் தினமும் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்தாள்.

அந்தப் பூ வாடுவதற்குள் ஒருநாள் லாரி வந்து நின்றது.

எங்கள் ஊர்க் கொத்தனார் யாரும் கூலிக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்து வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்திருந்தார்கள். போலீஸ் இருந்தது. எஞ்சினியர் குடை பிடித்து நின்றார். மெம்பர் மச்சினனோடு நின்றார். சாமான்களை எடுக்க நேரம் கொடுத்தார்கள், பெரிய மனசு. நாங்கள் உரலையும் பெட்டியையும் தூக்கித் தார் ரோட்டில் வைத்தோம். வந்த ஆட்களும் நம் தொழில்காரர்கள்தானே, முதலில் கடப்பாரைக்குச் சூடம் காட்டி, வீட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஓடு சீக்கிரம் இறங்கிவிட்டது. உத்திரம் இறங்கியது. அப்புறம் சுவருக்கு வந்தார்கள். மற்ற வீடுகளே அவர்களை மூச்சு வாங்க வைத்தன. எங்கள் வீட்டுப் பின்சுவரில் முதல் போடு போட்டவன் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடப்பாரை டங்கென்று திரும்பி வந்தது. இன்னொருத்தன் வந்தான். வெள்ளைவெள்ளையாகப் பொட்டு விழுந்ததே தவிர ஒரு செங்கல் அசையவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. கூரை இல்லாத, மூன்று பக்கமும் திறந்த வீட்டில் அந்த ஒற்றைச் சுவர் மட்டும் நின்றது. ஊரே வேடிக்கை பார்த்தது.

ஆத்தா ரோட்டில் வைத்த உரல்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினியருக்கும் மெம்பருக்கும் முன்னால் போய் நின்றாள். போலீஸ்காரர் தடுக்க வந்தார். அவள் பார்த்த பார்வையில் விலகிக்கொண்டார்.

"விழுகப்போற வீடுன்னு எழுதுனீகளே! காலையிலருந்து நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், விழுக மாட்டேங்குதே! எழுதுன கையாலயே வந்து தொட்டு விழுகச் சொல்லுங்க. நான் பாக்கணும். விழுகச் சொல்லுங்கய்யா!"

எஞ்சினியர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மெம்பர் கழுத்து நரம்பு புடைக்க லாரி டிரைவரைப் பார்த்துக் கத்தினார், "கயித்தைக் கட்டி இழுடா!"

சுவரில் துளை போடுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. வடக்கயிறு கட்டி லாரியை முறுக்கி இழுத்தார்கள். முதல் இழுப்பில் கயிறு அறுந்தது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். அடுத்ததில் சுவர் அடியோடு சாய்ந்தது. ஒடியவில்லை. பலகை விழுகிற மாதிரி முழுசாக விழுந்து, முழுசாகக் கிடந்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், படுத்துக் கிடக்கிற சுவரில் எங்கள் வீட்டுக் காலண்டர் மாட்டிய ஆணி அப்படியே இருந்தது.

அய்யா அதுவரைக்கும் தார் ரோட்டில் சாமான்களுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் குந்தினார். விளிம்பில் பிளந்திருந்த இடத்தைக் கையால் தடவினார். கலவையை நகத்தால் கீறிப் பார்த்தார். உதிரவில்லை.

"நல்லா அரைச்சிருக்கே புள்ள" என்றார்.

ஆத்தா அவரைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"இதைச் சொல்ல இது விழுகணுமாக்கும்?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அந்தப் பொங்கலை மறுபடியும் கண்மாய்க்கரையில் கீற்றுக் குடிசையில் வைத்தோம். ஆத்தா அதற்குப்பின் பதினோரு வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டுச் செத்துப்போனாள். ஒன்றில்கூட ஒரு ஆணி அடித்துக் காலண்டர் மாட்டவில்லை. அய்யாவின் மேல் அவளுக்கு இருந்த கோபம் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையோடு தீர்ந்துபோயிற்று. எனக்கு மெம்பர்மேல் இருக்கிற கோபம் தீரவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. படுக்கையில் கிடந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னார்கள், நான் போகவில்லை. இந்தக் கல்யாணத்துக்கும் போகப் போவதில்லை.